ஜிபிஎஸ் இருந்தும் சிறிய விமானங்கள் தடைப் பகுதிக்குள் எப்படி நுழைந்துவிடுகின்றன?

கேள்வி இது. சிறிய விமானம் ஒன்று தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்குள் போய்விட்டது, போர் விமானங்கள் பறந்து சென்று அதை வெளியே கூட்டி வந்தன என்று அடிக்கடி செய்தி வருகிறது. விமானி தவறுதலாக நுழைந்துவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அது முடிகிறது. கையில் ஜிபிஎஸ் இருக்கும்போது அது எப்படித் தவறுதலாக நடக்கும்? அப்படி நடந்தால் அந்த விமானியை என்ன செய்வார்கள்?

சிறிய விமானம் ஓட்டிப் பழகியவன் என்கிற முறையில் சொல்கிறேன். நடக்கும். அதுவும் சுலபமாக நடக்கும். மாட்டிக்கொள்கிற விமானிகளில் பலருக்கு அந்த இடம் நன்றாகவே தெரிந்திருக்கும், வாரா வாரம் அதைக் கடந்து போகிறவர்களாகக்கூட இருப்பார்கள். இன்றைக்கு, இந்த மணி நேரத்துக்கு, இந்த உயரத்தில் அது மூடியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஜிபிஎஸ் சொல்வது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை. வானம் எப்போது மூடும் என்பது வேறு கேள்வி.

முதலில், "தடைப் பகுதி" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை இருக்கிறது. எந்நேரமும் யாரும் நுழையக் கூடாத இடங்கள் ஒரு வகை. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் மேலே இருக்கும் பி-56 அப்படிப்பட்டது. அடுத்தது ராணுவச் சுடுதளம், ஏவுகணைச் சோதனைத் தளம் போன்றவற்றின் மேலே இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. பயிற்சி நடக்கும் நேரத்தில் மூடியிருக்கும், மற்ற நேரத்தில் அனுமதி கேட்டுப் போகலாம். மூடியிருந்தால் "ஹாட்" (சூடு), இல்லாவிட்டால் "கோல்ட்" (குளிர்) என்பார்கள் விமானிகள். நேற்று கோல்டாக இருந்த இடம் இன்று ஹாட். மூன்றாவது வகைதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: தற்காலிகத் தடை. அமெரிக்காவில் இதற்கு டிஎஃப்ஆர் என்று பெயர். இனி நான் சொல்லப்போகும் உதாரணங்களில் பலவும் அமெரிக்காவைச் சேர்ந்தவையாகத்தான் இருக்கும். தனியார் விமானங்கள் அங்கே அவ்வளவு அதிகம்.

அமெரிக்க அதிபர் எங்காவது பயணம் போனால் அவரைச் சுற்றி வானத்தில் ஒரு வளையமும் கூடவே போகும். வழக்கமாக வெளி வளையம் 30 நாட்டிக்கல் மைல் ஆரம், உயரம் 18,000 அடிக்குச் சற்றுக் கீழே வரை. உள்ளே 10 மைல் ஆரத்துக்குச் சிறிய விமானங்களுக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. வெளி வளையத்தில் பறக்க வேண்டுமென்றால் பயணத் திட்டம் பதிவு செய்திருக்க வேண்டும், டிரான்ஸ்பாண்டருக்கு, அதாவது விமானத்தை ராடாரில் அடையாளம் காட்டும் கருவிக்கு, தனி எண் வாங்கியிருக்க வேண்டும், கட்டுப்பாட்டாளரோடு தொடர்பில் இருக்க வேண்டும். காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போன ஊர், மதியம் திரும்பும்போது வளையத்துக்குள் இருக்கும். 56 நாளுக்கு ஒரு முறை வரும் அச்சு வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

விளையாட்டு மைதானத் தடை இன்னும் வேடிக்கை. 30,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் பெரிய லீக் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து போன்ற ஆட்டம் நடந்தால், 3 மைல் ஆரத்திலும் தரையிலிருந்து 3,000 அடி உயரம் வரையும் பறக்கக் கூடாது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை. ஆனால் அறிவிப்பு எல்லா மைதானத்துக்கும் பொதுவான ஒன்று. எந்த ஊரில் எந்த ஆட்டம் எப்போது என்பதை விமானியே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஸ்பாலோ சமநிலையில் இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ் என்று நீண்டுகொண்டே போகும். வாழ்நாளில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத விமானியும் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு சலாம்.

சரி, இந்தத் தடைகளை விமானிக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள்? நோட்டாம் என்கிற அறிவிப்பின் வழியாக. இங்கேதான் என் கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். நோட்டாம் தந்தி காலத்து மொழி. பழைய வடிவத்தில் முழுக்கப் பெரிய எழுத்து, பாதி சொற்கள் சுருக்கம், எல்லை அட்சரேகை தீர்க்கரேகையில், நேரம் சர்வதேச நேரத்தில். அந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பொறி அங்கேதான் இருக்கிறது. கோடைகாலத்தில் நியூயார்க் நேரம் சர்வதேச நேரத்துக்கு நான்கு மணி பின்னால். 15-ஆம் தேதி 00:30 மணிக்குத் தடை தொடங்கும் என்று நோட்டாம் சொன்னால், அங்குள்ள கடிகாரத்தில் அது 14-ஆம் தேதி இரவு எட்டரை. "நாளைக்குத்தானே" என்று நினைத்துக்கொண்டு இன்றிரவு ஒரு சுற்று போய்வரக் கிளம்புகிறவர் நேராக அதற்குள்தான் போவார். கணக்குத் தெரியாதவர் இல்லை அவர். களைத்த மூளை தேதியை மட்டும் பார்க்கும், மணியைப் பார்க்காது.

இன்னொன்று, குவியல். ஒரு பயணத்துக்கான அறிவிப்புகளை இறக்கினால் பக்கம் பக்கமாக வரும். எங்கோ ஒரு கோபுரத்தில் விளக்கு எரியவில்லை, எங்கோ ரன்வே ஓரத்தில் புல் வெட்டுகிறார்கள், அதற்கு நடுவே உங்கள் உரிமத்தையே பறிக்கக்கூடிய ஒரு வரி. 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று ரன்வே என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையாக நின்ற பாதையில் இறங்கப் பார்த்து, கடைசி நொடியில் மேலே எழும்பியது நினைவிருக்கலாம். பக்கத்து ரன்வே மூடியிருக்கிறது என்ற தகவல் அந்த விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கக் கட்டில் 8-ஆம் பக்கத்தில் இருந்தது. அதை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ராபர்ட் சும்வால்ட், நோட்டாம் என்பது யாரும் கவனிக்காத குப்பை மூட்டை என்று வெளிப்படையாகவே சொன்னார். தொழில்முறை விமானிகளுக்கே இந்தக் கதி என்றால், வார இறுதியில் தனியாகப் பறக்கிறவரை யோசித்துப் பாருங்கள்.

நேரத்தில் தவறுவது இப்படி. இடத்தில் தவறுவதும் உண்டு, அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகிற விமானத்தின் மேல் பக்கவாட்டில் 15 நாட் காற்று அடித்தால் ஏறத்தாழ 10 பாகை ஒதுக்கிவிடும். கவனிக்காமல் 30 மைல், அதாவது இருபது நிமிடம், போனால் நினைத்த பாதையிலிருந்து 5 மைல் தள்ளி நிற்பீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மூக்கு நேராகத்தான் இருக்கும், எஞ்சின் ஒரே சுருதியில் ஓடும். இதோடு பழைய விமானங்களின் திசைகாட்டும் கைரோ மெல்ல மெல்ல நகர்ந்துவிடும், கால் மணிக்கு ஒரு முறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திருத்த வேண்டும். பேசிக்கொண்டே பறந்தால் மறந்துபோகும்.

நான் பழகிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ராணுவச் சுடுதளத்தின் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டிய பயணம். வரைபடத்தில் ஒரு நீர்த்தேக்கம், அதன் மேல் வலப்பக்கம் திரும்பினால் சுடுதளத்தைத் தவிர்த்துவிடலாம். எதிரே ஒரு நீர்த்தேக்கம் தெரிந்தது. பெரிய நிம்மதி. திரும்பத் தயாரானேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு, "அணை எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். வரைபடத்தில் தெற்குக் கரையில் இருந்தது. கீழே வடக்குக் கரையில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், அந்த ஏரி வருவதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. வேறு ஏரி. அங்கே திரும்பியிருந்தால் சுடுதளத்தின் நடுவில் போய் நின்றிருப்பேன்.

எனக்கு ஒரு ஏரி வேண்டியிருந்தது, ஒரு ஏரி கிடைத்தது, மிச்சத்தை மனசு பொருத்திக்கொண்டது. கீழே தெரிவதைப் பார்த்து வரைபடத்தில் தேடினால் இப்படித்தான் ஆகும், எதையும் எதோடும் பொருத்திவிடலாம். முதலில் கடிகாரம், அப்புறம் வரைபடம், கடைசியில் தரை என்ற வரிசையைப் பயிற்சியில் தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

இப்போது டேப்லட் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான், வழி தவறுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதுவும் தன் பங்குக்குப் புதுத் தவறுகளைக் கொண்டுவந்திருக்கிறது. திரையைச் சுருக்கிப் பார்த்தால் சின்ன எல்லைக் கோடுகள் மறைந்துவிடும்; முழுப் பாதையும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று சுருக்கியவருக்கு வழியில் இருக்கும் சின்ன வட்டம் தெரியாது. வெயிலில் கண்ணாடிக்கு அடியில் வைத்த டேப்லட் சூடேறி, கொஞ்சம் ஆறட்டும் என்று அணைந்துவிடும், அது அணைவதும் மிகச் சரியாகத் தேவைப்படும் நேரத்தில்தான். தற்காலிகத் தடைகள் திரையில் சிவப்பு வட்டமாக வரும், ஆனால் கடைசியாக இணையத்தில் இருந்தபோது இறக்கியவைதான் வரும். இரவு வீட்டில் இறக்கியதை நம்பி மதியம் பறக்கிறவரின் திரை சுத்தமாக இருக்கும். சுத்தமான திரையைப் போல ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வான்பகுதிகளுக்குத் தரைதளமும் கூரையும் உண்டு. கீழே நுழைந்து போகலாம் என்று விளிம்பை உரசிக்கொண்டு பறக்கிறவர், உயரமானியில் அழுத்த அளவைச் சரியாக வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வார். பத்து ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறத்தாழ 270 அடி பிசகும்.

எல்லா நேரமும் தவறு விமானியுடையதாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2004 ஜூன் 9 அன்று, ரீகனின் இறுதி நிகழ்ச்சிக்காக வாஷிங்டன் வந்த கென்டக்கி ஆளுநர் எர்னி ஃப்ளெட்சரின் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் பழுது. விமானத்துக்கு அனுமதி இருந்தது, கட்டுப்பாட்டாளர்களுக்கும் தெரியும். ஆனால் பாதுகாப்புத் தரப்பின் திரையில் அது ஒரு பெயரில்லாத புள்ளி. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் இன்னும் கூத்து. பேஸ்பால் மைதானத்தில் பாராசூட்டில் குதிக்கும் ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு முன்கூட்டித் திட்டமிட்டபடி வந்த விமானத்தைப் பற்றி நாடாளுமன்றக் காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடியும் கட்டடம் காலி.

உண்மையிலேயே வழி தவறிய கதைகளில் பெரியது 2005 மே 11 அன்று நடந்தது. பென்சில்வேனியாவிலிருந்து வட கரோலினாவில் ஒரு விமானக் கண்காட்சிக்கு ஒரு விமானியும் ஒரு பயிற்சி மாணவரும் செஸ்னா 150-இல் கிளம்பினார்கள். இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் விமானம் அது. வழி பிசகி வெள்ளை மாளிகையிலிருந்து சுமார் 3 மைல் வரை வந்துவிட்டார்கள். வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் காலி செய்யப்பட்டன. ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் போனது, அப்புறம் எஃப்-16 போர் விமானங்கள் தீப்பந்துகளை உதிர்த்து எச்சரித்தன. கடைசியில் மேரிலாந்தின் ஃபிரெடரிக் விமானநிலையத்தில் இறங்க வைத்தார்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனியுங்கள். செஸ்னா 150 போகும் வேகத்தில் எஃப்-16 பறந்தால் விழுந்துவிடும். அதனால் பக்கத்தில் கூடவே பறக்க முடியாது. வளைந்து வளைந்து, மறுபடி மறுபடி முன்னால் வெட்டிக்கொண்டு போகும். 2025 ஜூலையில் நியூ ஜெர்சியின் பெட்மின்ஸ்டர் அருகே அதிபருக்கான தடைக்குள் வந்த ஒரு சிறிய விமானத்தின் முன்னால் போர் விமானம் குறுக்கே பாய்ந்ததை "ஹெட்பட்" என்று வட அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளையகமான நோராட் சொன்னது, அதாவது தலையால் முட்டுவது. உள்ளே இருப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஜன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் நிறம் மின்னி மறையும், அடுத்த கணம் அதன் பின்காற்றில் விமானம் உலுக்கி எடுக்கும். 2005 சம்பவம் நடந்த அதே மாதத்தில் வாஷிங்டனில் தரையிலிருந்து லேசர் எச்சரிக்கை விளக்கும் செயல்பாட்டுக்கு வந்தது. சிவப்பு, சிவப்பு, பச்சை என்று மாறி மாறி மின்னினால், உடனே தொடர்பு கொள், திரும்பிப் போ என்று அர்த்தம்.

இடைமறிக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி. போர் விமானம் வழக்கமாக இடப்பக்கம், சற்று மேலே, சற்று முன்னால் வந்து இறக்கைகளை ஆட்டும். விமானியின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால் அந்த ஏற்பாடு. பதிலுக்கு நீங்களும் இறக்கையை ஆட்டி, அதன் பின்னால் போக வேண்டும். அவசர அலைவரிசையான 121.5-இல் பேச வேண்டும், டிரான்ஸ்பாண்டரில் வேறு எண் கொடுக்காவிட்டால் 7700 வைக்க வேண்டும். பதற்றத்தில் கை நடுங்கி 7500 வைத்துவிட்டால் கடத்தல் என்று அர்த்தமாகிவிடும், நிலைமை வேறு மாதிரி போய்விடும். போர் விமானம் சட்டென்று மேலேறி 90 பாகைக்கு மேல் திரும்பி விலகினால், போகலாம் என்று பொருள். மொழி புரியாதவர்களுக்காகச் சில சொற்களை சர்வதேச விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, விமானி சொல்ல வேண்டிய "ஆம் லாஸ்ட்". வழி தெரியவில்லை என்பதற்கு அதிகாரபூர்வமான வாக்கியம். எத்தனையோ பேர் கௌரவம் பார்த்து அதைச் சொல்லத் தாமதித்துத்தான் கடைசியில் தலைப்புச் செய்தி ஆகிறார்கள்.

சுட்டுவிடுவார்களா என்று கேட்பீர்கள். பறந்துகொண்டிருக்கும் பொதுமக்கள் விமானத்தின் மேல் ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்று, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் 1984-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு தென் கொரியப் பயணிகள் விமானம் வழி விலகி சோவியத் வான்பகுதிக்குள் போய், சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் இறந்ததுதான் காரணம். அப்படியும் 1995 செப்டம்பரில், கார்டன் பென்னெட் பலூன் பந்தயத்தில் காற்றோடு பெலாரஸுக்குள் மிதந்து போன ஒரு பலூனை அந்நாட்டு ராணுவ ஹெலிகாப்டர் சுட்டது, இரண்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போக முடியும். விதி இருக்கிறது என்பதும், துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பவர் நிதானமாக இருப்பார் என்பதும் இரண்டு தனி விஷயங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு நாடகம் நடக்காது. போர் விமானம்கூட வராது. கட்டுப்பாட்டாளர் அமைதியான குரலில், "விதிமீறல் இருக்கலாம், ஒரு தொலைபேசி எண் தருகிறேன், எழுதிக்கொள்ளத் தயாரா?" என்று கேட்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அடிவயிறு கலங்காத விமானி இல்லை. மிச்சப் பயணம் முழுக்க அந்த எண் காதில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் முதலில் ஒழுங்காக இறங்க வேண்டும், அப்புறம்தான் தொலைபேசி.

அமெரிக்காவில் அதன் பிறகு என்ன ஆகும் என்பது, தெரிந்தே நுழைந்தாரா, தெரியாமலா என்பதைப் பொறுத்தது. பாதுகாப்பு வான்பகுதியைத் தெரிந்தே மீறினால் குற்ற வழக்கு, ஓராண்டு வரை சிறை. தெரியாமல் நடந்ததற்கு, சின்ன விஷயமாக இருந்தால் கூடுதல் பயிற்சியோடு முடியலாம். பாதுகாப்புத் தடை என்றால் உரிமம் சில மாதம் முடக்கப்படலாம். 2005 செஸ்னாவில் பொறுப்பில் இருந்த விமானியின் உரிமத்தை ரத்தே செய்துவிட்டார்கள்.

விமானிகளுக்கு இங்கே ஒரு தப்பிக்கும் வழி உண்டு, நியாயமான வழி. 1976 முதல் நாசா ஒரு பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தை நடத்துகிறது. நடந்ததை நடந்தபடி 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச் செயலாகவோ இல்லாதபட்சத்தில், மீறல் பதிவில் இருக்கும், ஆனால் தண்டனை விதிக்க மாட்டார்கள். முந்தைய ஐந்தாண்டுகளில் வேறு மீறல் நிரூபணமாகியிருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. அறிக்கையிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, மற்ற விமானிகள் படிக்கும்படி வைக்கிறார்கள். நேரம் கிடைத்தால் அந்தத் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். அலட்சியக்காரர்களின் வாக்குமூலம் மாதிரி இருக்காது. தேதியைப் படித்து மணியை விட்டவர்கள், மேகத்தைச் சுற்றி ஒதுங்கப் போய் வட்டத்துக்குள் விழுந்தவர்கள், என்னைப் போல ஏரியை மாற்றிப் பார்த்தவர்கள்.

தவிர்க்க என்ன செய்கிறோம் என்றால், ரகசியம் எதுவும் இல்லை. எஞ்சினை முடுக்குவதற்கு முன் நோட்டாமை இன்னொரு முறை பார்ப்பது, ராத்திரி பார்த்ததை நம்பாமல். எல்லையை உரசாமல் இடம் விட்டுப் பறப்பது. பிரிட்டனில் பக்கவாட்டில் 2 மைல், உயரத்தில் 200 அடி விடச் சொல்கிறார்கள், நல்ல கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பியதும் ராடார் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டு, என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், காசும் வாங்க மாட்டார்கள். எல்லையை நெருங்கும்போது "உங்களுக்கு முன்னால் 4 மைலில் தடைப் பகுதி, கவனிக்கிறீர்களா?" என்று ஒரு குரல் வரும். பொறுப்பு அப்போதும் விமானியுடையதுதான், கட்டுப்பாட்டாளர் சொல்லவில்லை என்று பிறகு வாதாட முடியாது. ஆனால் அன்றைக்கு என் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் போல, அணை எந்தப் பக்கம் என்று கேட்க ஒருவர் இருப்பார்.